கேட்டு எழுதியவை

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம், நீயும் நலமாக இருப்பாய் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. ஆனால் இப்போது எனக்கு உன்மேல் கோபம்தான் இருக்கிறது. நலம் விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகு. போனில் கேட்கலாம் என்றால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் 'மீட்டிங்கில் இருக்கிறேன்' என்று ஒரு வரி வருகிறது. அதனால் பள்ளிக்கூடம் முடித்த பிறகு முதல் தடவையாகக் கடிதம் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

பெரியம்மா இறந்த அன்று அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து உன்னைக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். "பெரியம்மா போயிட்டாடி" என்றாள். அதற்கு நீ சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "நல்லதும்மா. எத்தனை நாள்தான் அங்கேயே கிடப்பா" என்றாய். அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்துவிட்டாய்.

நான் அனுப்பிய செய்தியை நீ பார்த்தபோது அடக்கம் முடிந்திருந்தது. வெளியூரில் ஏதோ புதுப் போன் அறிமுக விழாவாம். சரி, வர முடியவில்லை. அந்தப் பதிலுக்கு என்ன சொல்லப்போகிறாய்? நம்மைத் தூக்கி வளர்த்தவள் அக்கா அவள்.

அம்மா வழக்கம் போல உனக்கும் சேர்த்து ஊறுகாய் போடுகிறாள். அவள் திட்டினால்கூட எனக்கு நிம்மதியாக இருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் வாலு


ஜூன் 12

என் அருமை வாலுவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸ் கழிவறையில் நின்று படித்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மறுபடி மேசையில் உட்கார முடிந்தது.

'போயிட்டா' என்று அம்மா சொன்னதை, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போய்விட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் நல்லது என்றேன். இதை அம்மாவிடம் சொல். நம்பினால் நம்பட்டும். பெரியம்மா செத்ததற்குச் சந்தோஷப்படுகிறவள் இல்லை நான், அது உனக்கே தெரியும்.

நீ கடிதம் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது. நாள் முழுக்கத் திரையைத்தான் பார்க்கிறேன். இனி நாம் இப்படியே எழுதிக்கொள்வோமா? இந்தக் கடிதம் வரும் பெட்டியில் ஒரு ஹெட்போனும் வைத்திருக்கிறேன். சாதாரண ஆட்கள் காதில் இது எப்படி இருக்கிறது என்று பத்திரிகையில் என் பத்தியில் எழுத ஆசை. நீ பல் செட் செய்யும் அறையில் அந்த ராவுகிற இயந்திரம் எப்போதும் அலறிக்கொண்டிருக்குமே, அங்கே மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்டுப் பார். எப்படி இருக்கிறது என்று உன் பாணியில் எழுது. அலங்காரமெல்லாம் வேண்டாம். அப்புறம் கருவியைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பு, அது கம்பெனியின் சொத்து.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

அன்புடன்,
அக்கா


ஜூன் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். முட்டி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படி ஏறும்போது மட்டும் வாய்விட்டுக் கத்துகிறாள்.

நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "சரி, வார்த்தை மாறிப் புரிஞ்சுது. நான் அழுதுகிட்டேதானே சொன்னேன், அதுகூடவா தெரியலை?" என்று கேட்டாள். அதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

இனி உன் ஹெட்போன். இயந்திரச் சத்தத்தை நன்றாகவே அடக்குகிறது. டாக்டர் பின்னால் வந்து நின்று மூன்று தடவை கூப்பிட்டாராம். கடைசியில் தோளைத் தொட்டதும் நான் கத்திய கத்தலில் மெழுகில் செய்து வைத்திருந்த கடவாய்ப்பல் ஒன்று நசுங்கிவிட்டது. பாட்டுக்கு வந்தால், பெண் குரல் மேலே ஏறும்போது எனக்குப் பல் கூசுகிறது. ஐஸைக் கடித்த மாதிரி. ஆண் குரல் எல்லாம் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கிறது. தாளச் சத்தம் மட்டும் பிரமாதம், தாடை வரைக்கும் இறங்குகிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மாட்டினால் காது மடல் வேர்க்கிறது. காசு கொடுத்து வாங்க மாட்டேன், சும்மா கொடுத்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன்.

போதுமா? இதற்கெல்லாமா உனக்குச் சம்பளம் தருகிறார்கள்?

வாலு


ஜூலை 9

என் அருமை வாலுவுக்கு,

போதுமாவா! பத்திரிகை ஆசிரியர் நேரே என் மேசைக்கே வந்துவிட்டார். 'பல் கூசுகிறது' என்ற வார்த்தையை அவர் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாராம். இத்தனை வருஷமாக உச்ச ஒலி, அடி ஒலி என்று எழுதிக்கொண்டிருந்தேன், யாருக்கும் ஒன்றும் ஒட்டவில்லை. இந்த இதழ் வந்ததும் உனக்கு அனுப்புகிறேன்.

இந்தத் தொழிலில் இப்போது எழுதுவதற்கே பெரிதாக ஒன்றும் இல்லை. வருஷத்துக்கு ஒரு போன் வருகிறது, போன வருஷத்துப் போனுக்குச் சட்டை மாற்றியது போல. டிவி பெரிதாகிக்கொண்டே போகிறது, வீடு அதே அளவில்தான் இருக்கிறது. போனிலிருந்து இயர்போன் குத்துகிற ஓட்டையை எடுத்தார்கள், எடுத்த கையோடு ஒயர் இல்லாத இயர்போனை விற்கிறார்கள். ஓட்டையை அடைத்ததுதான் இந்தக் காலத்தின் பெரிய கண்டுபிடிப்பு என்று எழுதினேன், அந்த வரியை ஆசிரியர் வெட்டிவிட்டார். அதனால் இப்போது எல்லாக் கம்பெனிகளும் காதைத்தான் பிடித்துத் தொங்குகின்றன. என் மேசையில் நிற்பதெல்லாம் காதுக்கருவிப் பெட்டிகள். இன்னும் சில அனுப்புகிறேன், கேட்டு எழுது.

விலைப்பட்டியல் தட்டச்சு செய்ய இந்தப் பத்திரிகைக்குள் வந்தவள் நான். வாஷிங் மெஷினில் தொடங்கி இங்கே வந்து நிற்கிறேன். நானே பயன்படுத்திப் பார்க்காத எதைப் பற்றியும் எழுதியதில்லை, அந்த ஒரு பெயர்தான் எனக்கு மிச்சம்.

அம்மாவிடம் வேலை அதிகம் என்று சொல்.

அக்கா


ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

இதழ் வந்தது. திருடி! 'கம்பளிக்குள்ளிருந்து பேசுவது போல' என்று அப்படியே போட்டிருக்கிறாய். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். இது நான் எழுதியதுதான் என்றதும், "நீ இவ்ளோ அழகா பேசுவியா? வீட்ல குரைக்கத்தானே செய்யறே" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. மேலே பெரிய எழுத்தில் 'எங்கள் நிருபர் ஒரு வாரம் மாட்டிப் பார்த்தார்' என்று இருக்கிறது. நீயும் தனியாகக் கேட்டிருப்பாய். உனக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் பட்டதாக்கும்.

அக்கா, அம்மா ஒவ்வொரு ஞாயிறும் உன்னைப் போனில் கூப்பிடுகிறாள். மணி அடித்து ஓயும் வரை காதில் வைத்திருக்கிறாள். பிறகு போனை மேசைமேல் வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விடுகிறாள். போன வாரம் என்னிடம், "என்மேல அவளுக்கு என்னடி கோபம்? அன்னிக்கு நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். பதில் சொல்லித் தப்பு செய்தவள் நீ. மன்னிப்புக் கேட்கிற மாதிரி நிற்பது அவள். ஒரே ஒரு தடவை எடுத்துப் பேசினால் என்ன?

கறுப்புப் பெட்டிகள் இரண்டும் கிடைத்தன. ஒரே கம்பெனியா? இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. விலை அதிகமுள்ளது அருமையாக இருக்கிறது, காதில் வைத்ததே தெரியவில்லை. விலை குறைந்தது மோசம். பாட்டு நின்ற பிறகும் அடுப்பில் தண்ணீர் சுடுகிற மாதிரி ஒரு இரைச்சல் விடாமல் வருகிறது. இரண்டையும் நாளைக்குக் கட்டி அனுப்புகிறேன்.

உடம்பு நலமா? குரல் கேட்டு எத்தனை மாதமாகிறது.

வாலு


ஆகஸ்ட் 14

வாலுவுக்கு,

நலம். இரண்டு பெட்டியும் வந்தன. குறிப்புகளுக்கு நன்றி. ஆசிரியர் எனக்கு இனி முழுப்பக்கம் தருகிறார். போன வாரம் ஒரு பெரிய அறிமுக விழா. மேடையில் கம்பெனித் தலைவர், நாலு பக்கமும் ஒலிபெருக்கி, எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அம்மாவுக்கு என்மேல் கோபம் இருந்தால் நியாயம்தான். எனக்கு அவள்மேல் கோபமே இல்லை. அதை நூறு தடவை சொல். போன் மட்டும் வேண்டாம். அவளையும் எழுதச் சொல்லேன், நீ எழுதுவது போல.

அக்கா


செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரம், அதனால் நல விசாரணை அடுத்த கடிதத்தில்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. அந்தக் கறுப்பு இரட்டையர்களோடு நீ அனுப்பியிருந்த ரசீது நகலை இன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டில் ஒரு பெட்டிக்கு மட்டும் மூடியின் உள்பக்கம் சின்ன வட்டம் போட்டிருந்தது, அதுதான் விலை அதிகமுள்ளதாம். நான் அதை விலை குறைந்தது என்று நினைத்துக்கொண்டேன். அதாவது தண்ணீர் சுடுகிற சத்தம் விலை அதிகமுள்ளதில்தான் வருகிறது. குறைந்த விலைக்காரன்தான் தங்கம். நான் எழுதியதைத் தலைகீழாகப் படித்துக்கொள்.

அச்சுக்குப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். நீதான் மாட்டிப் பார்ப்பாயே. காதில் வைத்த உடனே தெரிகிற விஷயம் அது. என்னைத் திட்டிவிட்டு நீயே மாற்றி எழுதியிருப்பாய்.

வாலு


செப்டம்பர் 13

அக்கா,

இதழ் வந்தது. என் தப்பு அப்படியே அச்சாகியிருக்கிறது. தண்ணீர் சுடுகிற சத்தம் உட்பட, வார்த்தைக்கு வார்த்தை.

முதலில் நீ சோம்பேறித்தனமாக அதை மாட்டிப் பார்க்கவில்லை என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன். நீ சோம்பேறி இல்லை. வாஷிங் மெஷின் பற்றி எழுத வீட்டுப் போர்வை எல்லாவற்றையும் துவைத்துக் கிழித்தவள் நீ. மாட்டிப் பார்த்திருப்பாய். மாட்டியும் தெரியவில்லை.

அன்றைக்கு அம்மா எப்படி அழுதாள் என்று எனக்குத் தெரியும். வராந்தாவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். உனக்கு மட்டும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் எடுப்பதில்லை. கடிதமே போதும் என்கிறாய். என்னைக் கேட்டு எழுதச் சொல்கிறாய்.

நேராகவே கேட்கிறேன். உனக்குக் காது கேட்கிறதா?

அம்மாவிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உடனே பதில் போடு. செய்தியாக அனுப்பினாலும் சரி.

வாலு


அக்டோபர் 10

என் அருமை வாலுவுக்கு,

நீ அனுப்பிய செய்திகளை எல்லாம் பார்த்தேன். பதில் போடாமல் உன்னைத் தவிக்க விட்டேன், மன்னித்துக்கொள். என்ன முடிவாகிறது என்று தெரியாமல் எழுதக் கை வரவில்லை.

கேட்கவில்லை. போன வருஷம் இடது காது, இந்த வருஷம் வலதும். நரம்புக் கோளாறாம், திரும்ப வராது என்று டாக்டர் எழுதியே காட்டினார். காதில் வைக்கிற கருவியும் வாங்கிப் பார்த்தேன். சத்தம் வருகிறது, சொல் வரவில்லை. எல்லாம் உடைந்து உடைந்து விழுகிறது.

அன்றைக்குப் போனை வலது காதில் அழுத்தி வைத்திருந்தேன். 'பெரியம்மா' என்பது கேட்டது. 'போயிட்டா' என்பதும் கேட்டது. அம்மா அழுதது கேட்கவில்லை. நீ கேட்டிருந்த கேள்விக்கு இதுதான் பதில். இதை எழுத எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது.

உங்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். சொன்னால் அம்மா முட்டிவலியோடு வந்து என்னைக் கையோடு கூட்டிப் போய்விடுவாள். அங்கே நான் என்ன செய்வேன், உன் பல்லுக்கு மெழுகு உருக்கித் தருவதா? காது போனவள் காதுக்கருவி பற்றி எழுதுகிறாள் என்று தெரிந்தால் இங்கே அந்த நாற்காலி ஒரு நாள்கூட நிற்காது. இந்த நாற்காலிதான் நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பயந்துவிட்டேன், வாலு. வேறொன்றும் இல்லை.

உன் முதல் குறிப்பு வந்ததும் ஒரு தடவை மட்டும் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்ததும் எடுத்துக்கொண்டேன். அவற்றைப் படிக்கும்போது எனக்கே கேட்பது போல இருந்தது. அதை எப்படி விடுவது?

இதழ் வெளியான வாரமே கம்பெனிக்காரர் வந்துவிட்டார். ஆசிரியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இரண்டு கருவியையும் மேசைமேல் வைத்தார். "நீயே கேட்டுச் சொல்லும்மா, எதுல இரைச்சல்?" என்றார். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன், இப்போது எல்லாம் அப்படித்தான். ஒன்றை மாட்டினேன். கழற்றிவிட்டு அடுத்ததை மாட்டினேன். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உன் திருத்தக் கடிதம் என் பையில் இருந்தது. அச்சான பிறகு வந்து சேர்ந்தது அது. வட்டம் போட்டதைக் காட்டியிருந்தால் போதும், தப்பித்திருப்பேன். கை அந்தப் பெட்டி வரைக்கும் போனது.

"எனக்கு ரெண்டுலயும் ஒண்ணும் கேக்கலை சார்" என்றேன்.

கம்பெனிக்காரர் முகம் தொங்கிவிட்டது. ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். "ரெண்டுமே தேறாதுங்கிறியா? அதையே எழுதிடு" என்றார். அப்படியே எழுந்து வந்திருக்கலாம். கெட்டிக்காரி என்ற பெயர்கூடக் கிடைத்திருக்கும். திரும்பச் சொன்னேன். "கருவியில கோளாறு இல்ல சார். எனக்குத்தான் காது கேக்கலை." அவர் சிரிப்பது நிற்க நேரமாயிற்று.

அடுத்த இதழில் திருத்தம் வருகிறது, என் பெயரிலேயே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த வார்த்தைகள் எல்லாம் என் தங்கையுடையவை, அவள் காதால் கேட்டவை என்றும் எழுதியிருக்கிறேன். பத்தி நின்றுவிட்டது. வேறு வேலை இருக்கிறதா என்று ஆசிரியர் இன்னும் சொல்லவில்லை. வீட்டில்தான் இருக்கிறேன். வெளியே மழையா வெயிலா என்று ஜன்னலைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

அம்மாவிடம் நீயே சொல். எனக்குத் தைரியம் வரவில்லை.

அக்கா


அக்டோபர் 19

அக்காவுக்கு,

உன் கடிதத்தை வேலை செய்கிற இடத்தில் வைத்துப் படித்தேன். அழுததில் டாக்டர் பயந்துபோய் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

என் காதை நீ எடுத்துக்கொண்டாய் என்று எனக்குக் கோபம் இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனே, அக்கா. இன்னும் நன்றாகவே கேட்டு எழுதியிருப்பேன். பெட்டியை மாற்றித் தொலைத்திருக்க மாட்டேன். ஒரு வருஷத்துக்கும் மேலாக நீ அங்கே தனியாக உட்கார்ந்திருந்தாய் பார், அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள். "எப்பருந்து?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "அப்போ நான் ஞாயித்துக்கெழமை கூப்பிட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்காது" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வந்தது நிம்மதியா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் உள்ளேயே இருந்தாள்.

வெளியே வந்ததும் பேப்பரும் பேனாவும் கேட்டாள். "உன் குரைப்பு போதும், நான் எழுதறேன்" என்றாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை. மடித்து, ஒட்டிக் கொடுத்தாள். உள்ளே வைத்திருக்கிறேன்.

சாப்பிடாமல் இருக்காதே.

உன் வாலு


அக்டோபர் 19

கண்ணே,

அம்மா எழுதுகிறேன். நீ நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதி ரொம்ப வருஷம் ஆகிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

உனக்கு என்மேல் கோபம் இல்லை என்று தெரிந்துகொண்டேன். எனக்கும் உன்மேல் இல்லை. இருந்தது, இப்போது இல்லை. அதைப் பற்றி இனி நாம் பேச வேண்டாம். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயப்படாதே. உனக்கு எங்கே இருக்க இஷ்டமோ அங்கேயே இரு. நான் உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன். சின்னவள் டிக்கெட் எடுத்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிடுவோம். உன் வீட்டு மாடிப்படி என் முட்டிக்கு ஆகாது. ஆனாலும் ஏறிவிடுவேன்.

கதவைத் தட்டினாலும் மணி அடித்தாலும் உனக்குத் தெரியாதாம். அதனால் நீ கீழே இறங்கி வந்து தெருவில் நில். நான் தூரத்தில் வரும்போதே என் முகத்தைப் பார்.

பெரியம்மா செத்துப்போன சேதியை உனக்கு யாருமே ஒழுங்காகச் சொல்லவில்லை. நான் நேரில் வந்து சொல்கிறேன்.

அம்மா